நுண்குஞ்சு விட்ட அன்று குளத்தில் இரை இருந்ததா?

கேள்வி: பத்து சென்ட் குளத்தில் சாணம் போட்டுத் தண்ணீர் நிரப்பினேன். தண்ணீர் பச்சை பிடித்தது. ஆனால் கேட்டிருந்த ஒரு லட்சம் கட்லா, ரோகு நுண்குஞ்சு (பொரித்து மூன்று நாளே ஆன மீன்குஞ்சு) மூன்று வாரம் தாமதமாகத்தான் கிடைத்தது. தினமும் பிண்ணாக்குத் தூளும் தவிடும் போட்டேன். இருபதாம் நாள் வலை இழுத்தால் ஏழாயிரம்கூடத் தேறவில்லை. சில ஒரு அங்குலம், பல அரை அங்குலம். இது நோயா?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நோயைவிடப் பட்டினிதான் காரணமாகத் தெரிகிறது. ஒரே வயதுக் குஞ்சுகள் இப்படி ஏறுக்குமாறாக வளர்ந்தால் முதலில் இரையைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஆரம்பத்தில் இரை கிடைத்தவை முந்திவிடும். மற்றவை பின்தங்கி, மெலிந்து, பூச்சிகளுக்கு எளிதில் அகப்படும்.

பொரித்த குஞ்சுக்கு முதல் மூன்று நாள் வயிற்றோடு ஒட்டிய மஞ்சள்கருதான் சாப்பாடு. அது தீரும் நேரத்தில்தான் நுண்குஞ்சு உங்கள் கைக்கு வருகிறது. அப்போது அதன் நீளம் 6 முதல் 8 மி.மீ. வாயோ மிகச் சிறியது. ரோட்டிஃபர் போன்ற நுண்ணிய விலங்கின மிதவை உயிரிகள்தான் அதற்குள் நுழையும். வளர்ந்த பிறகு கட்லாவும் ரோகுவும் வேறு வேறு இரை தேடினாலும், இந்த வயதில் இரண்டுக்குமே இதுதான் வேண்டும். பட்டினி ஓர் அளவைத் தாண்டிவிட்டால், பிறகு இரை கண்முன் நீந்தினாலும் துரத்திப் பிடிக்கத் தெம்பு இருக்காது. கடல் மீன்களிலும் இதே கதைதான். சில ஆண்டுகளில் மீன் பெருகுவதும் சில ஆண்டுகளில் குறைவதும் குஞ்சுகளின் முதல் இரையைப் பொறுத்தது என்று நார்வே விஞ்ஞானி ஜோஹான் ஹ்யோர்ட் 1914-லேயே எழுதினார்.

உரம் போட்ட குளத்தில் சில நாட்களில் ரோட்டிஃபர் பெருகும். அடுத்து மொய்னா போன்ற சற்றுப் பெரியவை வரும், அப்புறம் சைக்ளாப்ஸ் வகை. உங்கள் குஞ்சு வந்தபோது முதல் பந்தி முடிந்துவிட்டது. பச்சை நிறம் இருந்தது, சரி. ஆனால் அது பாசி. போதாததற்கு, மூன்று வாரத்தில் நீர்ப்பூச்சிகளும் குளத்தில் குடியேறியிருக்கும். பிண்ணாக்கு துணை உணவுதான். குடல் முழுதாக வளராத குஞ்சு அதை மட்டும் வைத்துத் தேறாது.

அடுத்த முறை குஞ்சு வரும் தேதி உறுதியான பிறகே உரம் போடுங்கள். உங்கள் பத்து சென்டுக்கு மொத்தம் 30 கிலோ கடலைப் பிண்ணாக்கு, 8 கிலோ சாணம், 2 கிலோ சூப்பர் பாஸ்பேட் போதும். இதில் பாதியை இரவு முழுக்க ஊறவைத்துக் கரைத்து, குஞ்சு விடுவதற்கு 2, 3 நாள் முன்பு தெளியுங்கள். மீதியை இரை குறையக் குறையப் பிரித்துப் போடலாம். பூச்சிக்கு, விடுவதற்கு முந்தைய நாள் காற்றில்லாத நேரத்தில் சோப்பு, எண்ணெய்க் கரைசல் தெளிக்க வேண்டும். 700 கிராம் சோப்பு, 2 கிலோ மலிவான எண்ணெய் போதும்.

விடும் அன்று காலை குளத்தின் பல இடங்களில் எடுத்த 50 லிட்டர் தண்ணீரை மிதவை உயிரி வலையில் வடிகட்டிப் படியவிடுங்கள். அடியில் 1 முதல் 2 மி.லி. தேற வேண்டும். அதோடு ஒரு கண்ணாடித் தம்ளரில் குளத்துத் தண்ணீரை வெயிலில் தூக்கிப் பிடியுங்கள். வெள்ளைப் புள்ளிகள் தத்தித் தத்தி நகர்ந்தால் இரை இருக்கிறது. வெறும் பச்சையாக இருந்தால் இரண்டு நாள் பொறுங்கள், குஞ்சை எடுக்காதீர்கள்.

ஒரு லட்சம் குஞ்சுக்கு முதல் 5 நாள் தினம் 600 கிராம், பிறகு 1,200 கிராம் என, கடலைப் பிண்ணாக்கும் தவிடும் சம அளவு சலித்த தூளாக, காலை மாலை பிரித்துப் போடுங்கள். மூன்றாம் நாள் நாலைந்து குஞ்சை எடுத்து லென்ஸில் பாருங்கள். உடம்பு கண்ணாடி போல இருப்பதால் குடல் நன்றாகத் தெரியும். கறுத்த கோடாக நிறைந்திருந்தால் சாப்பிட்டிருக்கிறது. தலை பெரிதாக, வயிறு ஒட்டிக் கிடந்தால் மீதி உரத்தில் ஒரு பங்கை அன்றே கரைத்துத் தெளித்துவிடுங்கள்.

மண் குளத்தில் நூற்றுக்கு 30 முதல் 50 குஞ்சு தேறினால் நல்ல அறுவடை. உங்கள் குளத்திலும் அது கிடைக்கும்.