வாசகர் கேள்வி-பதில்: விடுதலைக்குக் கட்டிய தவணை

கேள்வி: ஹைதி 1804-லேயே விடுதலை அடைந்துவிட்டது. பிறகும் ஏன் இந்த ஏழ்மை? பழைய கடன்தான் காரணம் என்கிறார்களே? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: கடன் மட்டும் காரணமல்ல. 1915 முதல் 1934 வரை நீடித்த அமெரிக்க ஆக்கிரமிப்பும், நாட்டைச் சர்வாதிகாரமாக ஆண்ட துவாலியே குடும்பத்தின் 29 ஆண்டுக் கொள்ளையும் உண்டு. ஆனால் முதல் அடி கடனில்தான் விழுந்தது.

பிரான்ஸின் காலனியாக இருந்த ஹைதியில் அடிமைகள் 1791-ல் தொடங்கிய போர், 1803 நவம்பர் 18-ல் வெர்த்தியேர் என்ற இடத்தில் நெப்போலியனின் படையை வீழ்த்தியது. 1825 ஜூலையில் பிரான்ஸ் மன்னர் பத்தாம் சார்லஸின் ஆணை வந்தது. அதற்குத் துணையாக 14 போர்க்கப்பல்கள். தனி நாடாக ஏற்க வேண்டுமானால் 15 கோடி பிராங்க், ஐந்து தவணையில். பிரெஞ்சுக் கப்பல்களுக்குச் சுங்க வரியும் பாதிதான். இந்தப் பணம் யாருக்கு? தோட்டத்தையும் அடிமைகளையும் இழந்த முதலாளிகளுக்கு! சங்கிலியை அறுத்தவர்கள் தங்கள் உடம்புக்கே விலை கட்ட வேண்டியிருந்தது.

முதல் தவணை 3 கோடி. கஜானாவில் அவ்வளவு இல்லை. பாரிஸ் வங்கிகளிடம் 3 கோடிக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். கிடைத்ததோ 2 கோடியே 40 லட்சம். நம்மூர்க் கந்துவட்டிக்காரர் பணத்தை எண்ணிக் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்வாரே, அதே கணக்கு. வட்டி மட்டும் முழு 3 கோடிக்கும் ஓடியது. நஷ்டஈடு ஒரு கடன், அதைக் கட்ட வாங்கியது இன்னொரு கடன். இதைத்தான் 'இரட்டைக் கடன்' என்கிறார்கள். 1838-ல் மொத்தத் தொகையை 9 கோடியாகக் குறைத்தார்கள். அதற்குள் முதல் கடனுக்கே வட்டி கட்ட முடியாமல் போயிருந்தது. சுமை இறங்கியது காப்பி விவசாயியின் முதுகில்; ஏற்றுமதியாகும் காப்பிக்கு வரி போட்டுத்தான் பணம் திரட்டினார்கள். பள்ளிக்கும் சாலைக்கும் போயிருக்க வேண்டிய காசு அது. பிறகு வாங்கிய கடன்களையும் சேர்த்து, 1947-ல்தான் கணக்கு முடிந்தது.

கேள்வி: ஹைதி மக்கள் விடுதலை நாளில் பரங்கிக்காய் சூப் குடிக்கிறார்களாமே? வீட்டில் செய்யலாமா? (வாசகர், காரைக்கால்)

பதில்: தாராளமாக. 'சூப் ஜூமூ' என்று பெயர். அடிமைகள் சமைத்து, எஜமானர்கள் மட்டும் சாப்பிட்ட உணவு என்பார்கள். அதனால்தான் ஒவ்வொரு ஜனவரி 1-லும் வீடு தவறாமல் கொதிக்கிறது. 2021-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது.

நான்கு பேருக்கு அரைக் கிலோ மாட்டிறைச்சி. எலுமிச்சைச் சாறு விட்டுக் கழுவி, பூண்டு, வெங்காயத்தாள், மிளகு அரைத்துப் பூசி இரவு முழுக்க ஊற வையுங்கள். மறுநாள் மெத்தென்று வேகவிடுங்கள். நன்றாகப் பழுத்த பரங்கி 1 கிலோ, தனியே வேகவைத்து மசித்து அதில் சேர்த்துவிடுங்கள். பிஞ்சு வேண்டாம், சூப் தண்ணீராகிவிடும். பிறகு உருளை, கேரட், முட்டைக்கோஸ். மக்ரோனியைக் கடைசி 10 நிமிடத்தில் போடுங்கள். முன்னாலேயே போட்டால் சாறு முழுவதையும் குடித்து ஊதிவிடும். காரமான மிளகாய் ஒன்றைக் கீறாமல் முழுசாக மிதக்கவிட்டு, உடையுமுன் எடுத்துவிடுங்கள். வாசனை இறங்கினால் போதும். உடைந்தால் குழந்தைகள் வாயில் வைக்க முடியாது.