ஹைட்ரியா: மூன்று கைப்பிடிக் குடம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: சார், ஹைட்ரியா என்றால் என்ன? படத்தில் பூச்சாடி மாதிரி இருக்கிறதே?

பதில்: பழங்காலக் கிரேக்கர்களின் தண்ணீர்க் குடம். அவர்கள் மொழியில் ‘ஹுதோர்’ என்றால் தண்ணீர். அதிலிருந்து வந்த பெயர். கைப்பிடிகளை எண்ணினால் அடையாளம் தெரிந்துவிடும். விலாவில் படுக்கைவாட்டில் இரண்டு, நிறைகுடத்தை இரு கையாலும் தூக்க. பின்பக்கம் செங்குத்தாக ஒன்று, சாய்த்து ஊற்றவும் வெறுங்குடத்தைப் பிடித்துப் போகவும். தண்ணீர் எடுத்துப் பழகியவர்கள் யோசித்துச் செய்த பாத்திரம்!

கேள்வி: இந்தப் பெயர் அந்தக் காலத்தினரே சொன்னதா, ஆய்வாளர்கள் வைத்ததா?

பதில்: அவர்களே சொன்னதுதான். பிளாரன்ஸ் மியூசியத்தில் ‘பிரான்சுவா ஜாடி’ இருக்கிறது, சுமார் கி.மு. 570. எர்கோதிமோஸ் வனைந்தது, கிளெய்தியாஸ் வரைந்தது. அதில் ஒரு காட்சி: டிராய் இளவரசன் துரோய்லோஸைக் கிரேக்க வீரன் அக்கிலீஸ் துரத்துகிறான். துரோய்லோஸின் சகோதரி பொலிக்சேனா போட்டுவிட்டு ஓடிய குடம் குதிரைகளின் காலடியில் கிடக்கிறது. அதன் பக்கத்தில் ‘ஹைட்ரியா’ என்றே எழுதியிருக்கிறார் ஓவியர். இதைவிட நேரடிச் சாட்சி வேண்டியதில்லை.

கேள்வி: ‘கல்பிஸ்’ என்பது வேறு பாத்திரமா?

பதில்: ஹைட்ரியாவின் பிந்தைய வடிவம். தோளில் மடிப்பு இல்லாமல் வளைவாக இறங்கும்.

கேள்வி: ஜாடி ஓவியங்களில் சில பெண்கள் தலையில் குடத்தைப் படுக்க வைத்திருக்கிறார்களே, கொட்டாதா?

பதில்: அவர்கள் தண்ணீருக்குப் போகிறவர்கள், குடம் காலி. திரும்புகிறவர்கள் தலையில் சும்மாடு வைத்து நிமிர்த்திச் சுமப்பார்கள். கி.மு. 6ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஏதென்ஸ் ஓவியர்கள் ஊற்று மண்டபத்தில் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் காட்சியை விரும்பி வரைந்தார்கள், அதுவும் ஹைட்ரியாக்களின் மேலேயே.

கேள்வி: ஐயா, பைபிளில் யோவான் 2:6இல் கானாவூர்க் கற்சாடி, 4:28இல் சமாரியப் பெண்ணின் குடம். கிரேக்க மூலத்தில் இரண்டும் ஒரே சொல்லா?

பதில்: ஒரே சொல்தான், அளவுதான் வேறு. கானாவூர் சாடி ஒவ்வொன்றும் இரண்டு மூன்று ‘மெத்ரேத்தேஸ்’ என்ற கிரேக்க அளவு கொள்ளும். ஒரு மெத்ரேத்தேஸ் ஏறக்குறைய 39 லிட்டர், அதனால் சாடிக்கு 78 முதல் 117 லிட்டர். யாரும் தலையில் தூக்கக்கூடியதல்ல. கல்லில் தீட்டு ஒட்டாது என்பது யூதர் வழக்கம். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் சாறிபாத் விதவையின் மாவுப்பானையும் ஹைட்ரியாதான்! அதற்குள் சொல் தண்ணீரை விட்டு விலகிவிட்டது.

கேள்வி: ஓட்டுப் போடவும் பயன்பட்டதாமே?

பதில்: ஏதென்ஸ் நாடகப் போட்டியில் நடுவர்களாகத் தகுதி பெற்றவர்களின் பெயர்களை ஹைட்ரியாக்களில் போட்டு, முத்திரை வைத்து, அக்ரோபோலிஸ் என்ற கோட்டைக் குன்றில் காத்தார்கள். அந்த முத்திரையை உடைத்ததாக எழுந்த வழக்கை ஏதென்ஸ் உரையாசிரியர் இசோகிரதேஸ் எழுதிய வழக்குரை ஒன்று குறிப்பிடுகிறது.

கேள்வி: அஸ்திக் கலசமாகவும் வைத்தார்களா?

பதில்: ஆம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். எகிப்தின் அலெக்சாந்திரியாவில் ஹத்ரா என்ற இடுகாட்டில் கி.மு. 3ஆம் நூற்றாண்டு ஹைட்ரியாக்கள் நிறையக் கிடைத்தன. பல கிரீட் தீவில் வனைந்து கப்பலேறி வந்தவை. வேற்றூர்த் தூதர்களும் கூலிப்படை வீரர்களும் அங்கே இறந்தால் எரித்து, சாம்பலை இதில் இட்டார்கள். சிலவற்றின் மேல் இறந்தவர் பெயர், ஊர், தேதி, அடக்கத்தை நடத்திய அதிகாரி பெயர் எல்லாம் மையாலோ கீறியோ எழுதப்பட்டிருக்கும். மியூசியத்தில் பார்க்க நேர்ந்தால் ஓவியத்தோடு நின்றுவிடாமல் அந்த எழுத்துகளையும் தேடிப் பாருங்கள்.