பழைய செங்கல் சுவருக்குச் சிமென்ட் பூசலாமா?

கேள்வி: லண்டன் இஸ்லிங்டனில் 1790களில் கட்டிய வரிசை வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இரண்டாம் தரம். மேல்மாடி முன்னறைச் சுவரில் ஓதம். செங்கற்களுக்கு இடையிலுள்ள இடுக்குகளைச் சிமென்ட்டால் அடைத்து, நீர்புகாப் பூச்சும் அடிக்கலாம் என்கிறார் கொத்தனார். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். உங்கள் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. மழையில் உறிஞ்சிய ஈரத்தை, வெயிலும் காற்றும் பட்டதும் பெரும்பாலும் இடுக்குச் சாந்து வழியாகத்தான் அது வெளியே விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். செங்கல்லில் தங்கும் ஈரம் குளிரில் உறைந்து விரியும்போது கல்லின் முகம் பொரிந்து உதிரும். சிமென்ட் கோடு துருத்தி நிற்க, நடுவே செங்கல் குழிந்துபோன முகப்புகளை லண்டன் தெருக்களில் நிறையப் பார்க்கலாம். பார்க்கவே வேதனையாக இருக்கும். போன கல் முகம் திரும்பி வராது.

முதலில் கூரைக்கு ஆளை ஏற்றுங்கள். லண்டனை எரித்த 1666 பெருந்தீயின் பாடத்தால், 1707இல் வந்த சட்டம் மர இறவாரத்தை (சுவருக்கு வெளியே நீளும் கூரை விளிம்பை) விலக்கி, முன்சுவரைக் கூரைக்கு மேலே உயர்த்தச் சொன்னது. அதனால் கைப்பிடிச் சுவருக்குப் பின்னாலோ, இரு சரிவும் சேரும் நடுவிலோ ஈயத்தகடு வாய்க்கால் மறைந்திருக்கும். அதில் இலை அடைத்தாலும் தகடு வெடித்தாலும் தண்ணீர் நேரே சுவருக்குள் இறங்கும். மேல்மாடியில் மட்டும் ஓதம் என்றால் என் சந்தேகம் அங்கேதான்.

அதன்பின் முகப்பைப் பாருங்கள். ஒரு கல் நீளவாக்கில், அடுத்தது குறுக்காக என மாறி மாறி வரும். குறுக்குக் கல் முகப்புக்குப் பின்னாலேயே ஒட்டியுள்ள உள்சுவர்வரை போய்ப் பிணைப்பதுபோலத் தெரியும். ஆனால் விலை கூடிய முகப்புக் கல்லை மிச்சப்படுத்த, அதைப் பாதியாக உடைத்து வைத்த வீடுகள் அக்காலத்தில் ஏராளம். அங்கே முகப்பு உள்சுவரோடு சரியாகப் பிணைந்திருக்காது. எங்காவது உப்பியிருந்தால் கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டிய பிறகே கை வையுங்கள். பழைய சாந்தை மெஷின் வைத்து அறுக்காமல், கையால் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். புதுச் சாந்து செங்கல்லைவிட மென்மையான சுண்ணாம்புச் சாந்தாக இருக்கட்டும்.

அதே பொருளால் அதே மாதிரி செய்யும் சிறு பழுதுக்குப் பெரும்பாலும் பட்டியல் கட்டடங்களுக்கான கவுன்சில் அனுமதி தேவைப்படாது. இருந்தாலும் உள்ளூர் கவுன்சிலின் பாரம்பரியப் பாதுகாப்பு அலுவலரிடம் முன்கூட்டியே கேளுங்கள். வீட்டின் தன்மையை மாற்றும் வேலையை அனுமதியின்றிச் செய்வது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இங்கிலாந்தில் அந்த அனுமதிக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. சுண்ணாம்பு வேலையை உறைபனி முடிந்த பிறகு தொடங்குங்கள்.