கறுப்புப் பூனைக்கு எந்த கேமரா?

கேள்வி: தெருவில் அடிபட்டுக் கிடந்த கறுப்புப் பூனை ஒன்றை மூன்று வருடங்களுக்கு முன் வீட்டுக்குத் தூக்கிவந்தோம். முதல் ஆறு மாதம் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. இப்போது மடியில் ஏறித் தூங்குகிறது. வயது என்ன என்று தெரியாது, அதனால்தான் நல்ல படங்கள் சில இருக்கட்டும் என்று ஆசை. போனில் எடுத்தால் கரிக்கட்டை மாதிரி விழுகிறது. ஃப்ளாஷ் போட்டால் கண் இரண்டும் பச்சை விளக்காக எரிகிறது. கேமரா, இரண்டு ஜூம் லென்ஸ், ஃப்ளாஷ், பை எல்லாம் சேர்ந்த கிட் ஒன்றைக் கடைக்காரர் காட்டுகிறார். வாங்கலாமா?

பதில்: அந்த கிட் வேண்டாம். எதையும் வாங்கும் முன் ஒரு வாரம் ஜன்னலோரம் முயன்று பாருங்கள்.

கரிக்கட்டையாக விழுவதற்குப் பெரும்பாலும் பின்னணிதான் காரணம். வெள்ளைச் சுவர், வெள்ளைப் போர்வை, அல்லது பூனைக்குப் பின்னால் வெளிச்சமான ஜன்னல் இருந்தால், போன் அந்த வெளிச்சத்துக்கு ஏற்பப் படத்தை இருட்டாக்கிவிடும். பூனை அதிலேயே மூழ்கிவிடும். ஜன்னல் வெளிச்சம் பூனையின் பக்கவாட்டிலிருந்து விழட்டும். அப்போதுதான் ரோமத்தின் பளபளப்பு தெரியும், கறுப்புக்குள் ஒளிந்திருக்கும் பழுப்புகூடத் தெரியலாம். அடியில் சாம்பல் அல்லது மங்கிய நிறத் துணி விரியுங்கள். திரையில் அதன் முகத்தைத் தொட்டு, வெளிச்ச அளவைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிப் பாருங்கள். படம் முழுக்கப் பூனையே நிறைந்திருந்தால் சிக்கல் தலைகீழாகும்: கேமரா கறுப்பைச் சாம்பலாக்கப் பார்க்கும், அப்போது வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும்.

பச்சைக் கண்ணுக்கு வருவோம். பூனையின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது. இருட்டில் அது பார்ப்பதற்கு உதவுவது அதுதான். லென்ஸை ஒட்டியிருக்கும் ஃப்ளாஷின் ஒளி அதில் பட்டு நேராகத் திரும்பி வருகிறது. எவ்வளவு விலை உயர்ந்த கேமராவானாலும் ஃப்ளாஷ் அங்கேயே இருந்தால் இதேதான் நடக்கும். மேற்கூரையை நோக்கித் திருப்பக்கூடிய தனி ஃப்ளாஷில் இந்தத் தொல்லை இருக்காது. ஆனாலும் ஆறு மாதம் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்த ஒரு ஜீவனின் முன்னால் திடீரென்று மின்னல் அடிக்க எனக்கு மனம் வரவில்லை. அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

ஜன்னலோரம் நன்றாக வந்து, மாலை நேரப் படங்கள் மட்டும் கலங்கினால், அப்போது கேமரா வாங்கலாம். காசை லென்ஸில் போடுங்கள். கிட்டோடு வரும் சிறிய ஜூம், கிட்டத்தில் இழுத்துப் பார்க்கும்போது வழக்கமாக எஃப் 5.6 வரைதான் திறக்கும். (எஃப் எண் லென்ஸ் துளையின் அளவு. எண் குறையக் குறைய துளை பெரிதாகும்.) எஃப் 1.8 வரை திறக்கும் ஜூம் இல்லாத சாதாரண லென்ஸ் ஏறத்தாழ 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். முன்னதில் 1/25 நொடி தேவைப்பட்ட இடத்தில் இதில் 1/250 நொடி போதும். முகம் கழுவிக்கொண்டிருக்கும் பூனையை கலங்காமல் பிடிக்க அந்த வேகம் வேண்டும். விளையாடும்போது 1/500 இருந்தால் நல்லது. கிட்டில் இருக்கும் இரண்டாவது, நீளமான ஜூமுக்கு வீட்டுக்குள் வேலையே இல்லை.

பாடியின், அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவின், சென்சார் (படம் பதியும் சில்லு) சிறியது என்றால் 35 எம்.எம். லென்ஸ் எடுங்கள். சின்ன அறையில் 50 எம்.எம். போட்டால் பின்னால் நகர்ந்து நகர்ந்து முதுகு சுவரில் இடிக்கும். ரொம்ப நெருங்கி 1.8-இல் எடுத்தால் கண் தெளிவாக, மூக்கு மங்கலாக வரும். வெளிச்சம் இருக்கும்போது 2.8-க்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பாடியில் இரண்டு வசதிகளுக்காகக் கூடுதலாகச் செலவழிக்கலாம். ஒன்று, விலங்கின் கண்ணைத் தானாகப் பிடிக்கும் ஃபோகஸ். சோனி 2019-இல் இதை ஏ7 III, ஏ6400 மாடல்களுக்குக் கொடுத்தது, இப்போது மற்ற நிறுவனங்களிடமும் இருக்கிறது. இன்னொன்று, சத்தமில்லாத ஷட்டர். பயந்த பூனைக்கு இது பெரிய உதவி. சில எல்.இ.டி. விளக்குகளின் கீழ் அதில் கோடு கோடாக விழும், அதனால் கடையிலேயே எடுத்துப் பாருங்கள். அப்புறம், "பை, ஃப்ளாஷ், ஜூம் எதுவும் வேண்டாம், பாடியும் இந்த ஒரு லென்ஸும் மட்டும் என்ன விலை?" என்று கேட்டு, கிட் விலையோடு ஒப்பிடுங்கள். வாடகைக்குக் கிடைத்தால் இரண்டு நாள் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வது இன்னும் நல்லது.

கேள்வி: பழைய லென்ஸ் வாங்கினால் ஏமாந்துவிடுவோமா?

பதில்: பார்த்து வாங்கினால் ஏமாற வேண்டியதில்லை. டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்திவலை மாதிரி இழை தெரிந்தால் அது பூஞ்சை, வாங்காதீர்கள். தூசி இரண்டு துகள் இருந்தால் பரவாயில்லை. துளையைச் சுருக்கும் தகடுகளில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. உங்கள் பாடியிலேயே மாட்டி, முழுக்கத் திறந்து வைத்துச் சில படங்கள் எடுங்கள். பொருந்துவது மட்டும் போதாது, ஃபோகஸ் தானாக வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உதாரணமாக, நிக்கானின் பழைய ஏ.எஃப்.-டி 50 எம்.எம். லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. டி3500, டி5600 போன்ற பாடிகளில் அது மாட்டும், ஆனால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். துள்ளும் பூனைக்கு அது சரிப்படாது.

கேள்வி: பூனை கேமராவைப் பார்ப்பதற்காக போனில் மாட்டும் இறகு பொம்மை விற்கிறார்களே?

பதில்: காசு கொடுத்து வாங்க வேண்டாம். துணி கிளிப்பில் ஒரு இறகைச் செருகி போனில் மாட்டினாலே பார்க்கும். நீங்கள் தரையில் படுத்து அதன் கண் மட்டத்துக்கு வந்தால் அதுவே பாதி வேலையை முடித்துவிடும். அழகுக்காகப் பக்கத்தில் லில்லிப் பூ வைக்காதீர்கள். அதன் மகரந்தம்கூடப் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். நூலும் ரிப்பனும் விழுங்கினால் குடலில் சிக்கிக்கொள்ளும். அதனால் படம் எடுத்து முடித்ததும் பொம்மையைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிடுங்கள்.