இயந்திரங்களும் பழுதுபார்ப்பும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தொழில்நுட்பம் பற்றிய உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். நான் ஓர் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டராக இருக்கிறேன். அண்மையில் எங்கள் பேக்கிங் இயந்திரத்தில் விரல் அளவே உள்ள ஒரு சென்சார் பழுதடைந்தது. இரண்டு ஸ்க்ரூவும் ஒரு கனெக்டரும்தான். கைக்கு எட்டினால் சில நிமிட வேலை. ஆனால் அதை எட்டுவதற்கு முன்பக்கத் தகடுகளையும், கன்வேயரையும், அதன் மோட்டாரையும், மோட்டாரைத் தாங்கும் சட்டத்தையும் கழற்ற வேண்டியிருந்தது. திரும்பப் பூட்டியபின் கன்வேயரின் அலைன்மென்ட்டைப் புதிதாகச் சரிசெய்ய வேண்டியும் வந்தது. ஒரு ஷிஃப்ட் முழுவதும் உற்பத்தி நின்றது. தாமதத்துக்கு விளக்கம் கேட்கப்பட்டது எங்களிடம்தான்.

இதை வடிவமைத்தவர்கள் ஒருமுறையேனும் ஸ்பேனரைக் கையில் எடுத்திருப்பார்களா என்ற கேள்வி எங்கள் பிரிவில் எல்லோருக்கும் உண்டு. பழுதுபார்ப்பை மனத்தில் வைத்து வடிவமைப்பது என்ற ஒன்று பொறியியலில் உண்மையிலேயே இருக்கிறதா? பழைய இயந்திரங்கள் இப்படி இருந்ததில்லை என்று மூத்தவர்கள் சொல்வது சரிதானா? எங்களைப் போன்றவர்கள் இதில் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

இருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேலாக, எழுதப்பட்ட விதிகளும் கணக்கிடும் முறைகளும் கொண்ட தனித்துறையாகவே இருக்கிறது. தனக்கு விற்கப்படும் கருவிகள் பராமரிக்க எளிதாக இருக்க வேண்டும் என்பதற்கான ஒரு தரநிலையையும், ஒரு கருவியைப் பழுதுபார்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதை வரைபட நிலையிலேயே கணிப்பதற்கான ஒரு கையேட்டையும் அமெரிக்க ராணுவம் 1966-இல் வெளியிட்டது. பழுதைக் கண்டுபிடிக்க, கழற்ற, பாகத்தை மாற்ற, மீண்டும் பூட்ட, அலைன்மென்ட் செய்ய, சரிபார்க்க ஆகும் நேரங்கள் அதில் தனித்தனியாகக் கணக்கிடப்படுகின்றன. உங்கள் ஷிஃப்டின் பெரும்பகுதியை எது விழுங்கும் என்பதை, அந்த இயந்திரத்தின் முதல் தகடு வெட்டப்படுவதற்கு முன்பே அப்படியொரு கணக்கு காட்டியிருக்கும். ஆகவே பொறியியலுக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. தெரிந்தது எல்லா இயந்திரங்களுக்குள்ளும் போய்ச் சேர்வதில்லை. இயந்திரம் நின்றால் யாருக்கு இழப்போ, அவருடைய குரல் வடிவமைப்புக் காலத்திலேயே ஒலிக்கும் இடங்களில்தான் அது போய்ச் சேர்கிறது என்பது என் எண்ணம்.

உங்கள் தொழிலுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு பம்ப். வேதியியல் ஆலைகளில் பயன்படும் சென்ட்ரிஃபியூகல் பம்புகளில் மிகப் பல, பின்பக்கமாக இழுத்தெடுக்கும் வகையில் அமைந்தவை. மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவே உள்ள கப்ளிங்கில் ஸ்பேசர் என்ற இடைத்துண்டு இருக்கும். அதைக் கழற்றினால் கிடைக்கும் இடைவெளியில் சுழன்று திரவத்தைத் தள்ளும் இம்பெல்லர், அதைச் சுழற்றும் ஷாஃப்ட், கசிவைத் தடுக்கும் சீல், ஷாஃப்டைத் தாங்கும் பேரிங் அனைத்தையும் ஒரே தொகுதியாகப் பின்னுக்கு இழுத்து வெளியே எடுத்துவிடலாம். குழாய்களோடு இணைந்த உறை அசைவதில்லை. மோட்டாரும் தன் இடத்திலேயே நிற்கிறது. இவ்வகைப் பம்புகளின் வெளி அளவுகளை ஐ.எஸ்.ஓ. 2858 என்ற பன்னாட்டுத் தரநிலை வரையறுத்திருப்பதால், ஒரு நிறுவனத்தின் பம்பை எடுத்துவிட்டு இன்னொரு நிறுவனத்தின் பம்பை அதே குழாய்களுக்கு நடுவே பொருத்தவும் முடிகிறது. இதற்கெல்லாம் விலை உண்டு. ஸ்பேசரால் மொத்த நீளம் கூடுகிறது, அடிச்சட்டம் பெரிதாகிறது. ஆயினும் சீல் தேயும், பேரிங் போகும், அப்போது குழாய்களைப் பிரித்துக்கொண்டிருக்க முடியாது என்று அறிந்த ஆலைகள் அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்க முன்வந்தன. பழுதுபார்ப்பவரின் கை எங்கே நுழையும், எதை எந்தத் திசையில் இழுக்கும் என்பதெல்லாம் முன்கூட்டியே சிந்திக்கப்பட்ட பொருள் அது. அதன் குறுக்குவெட்டுப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், வரைந்தவர்மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டாகிறது.

விமானங்களிலும் இதையே காணலாம். 1990-களில் போயிங் 777-ஐ உருவாக்கும்போது, வாங்கப்போகும் விமான நிறுவனங்களின் ஆட்களை அந்நிறுவனம் வடிவமைப்புக் குழுக்களுக்குள்ளேயே உட்காரவைத்தது. தலைமை மெக்கானிக் என்ற பதவியையும் ஏற்படுத்தியது. விமானத்தைத் தரையில் நிறுத்திவைப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பது வாங்குபவருக்குத் தெரியும். அவர் கேட்கும் நிலையில் இருந்தார், கேட்டார். அதற்கும் முன்பே, 1962-இல், பிரிஸ்டல் சிட்லி என்ற பிரிட்டிஷ் நிறுவனம் தன் வைப்பர் ஜெட் எஞ்சினின் பராமரிப்புக்கு, பறந்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இவ்வளவு என்று கட்டணம் பெறும் முறையைக் கொண்டுவந்தது. எஞ்சின் ஓடினால்தான் தயாரிப்பாளருக்கு வருமானம். பழுதுபார்க்கும் செலவு அவருடையது. உதிரிபாகம் விற்றுப் பணம் பார்ப்பவருக்கும் இவருக்கும் ஒரே அளவு திறமையுள்ள பொறியாளர்கள் கிடைக்கலாம். அவர்கள் முன்னால் வைக்கப்படும் கேள்விகள் ஒன்றாக இருக்காது.

ஓர் இயந்திரத்தின் எல்லாப் பாகங்களையும் எளிதில் எட்டும்படி செய்ய யாராலும் இயலாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எந்தப் பாகத்தை, எந்த அளவில், எந்த இடத்தில் வைத்து மாற்றுவது என்று ஒரு கோடு கிழித்தாக வேண்டும். அந்தக் கோட்டின் இரு பக்கங்களையும் ஹப்பிள் தொலைநோக்கி தெளிவாகக் காட்டுகிறது. 1990-இல் ஏவப்பட்ட அது, விண்வெளி வீரர்கள் சென்று பராமரிக்கும்படியே வடிவமைக்கப்பட்டது. பிடித்துக்கொள்ளக் கைப்பிடிகள் இருந்தன. தொலைபேசிக் கூண்டு அளவுள்ள அறிவியல் கருவிகளை முழுதாக வெளியே எடுத்துப் புதியதை வைக்க வழி இருந்தது. முதன்மைக் கண்ணாடியின் வடிவப் பிழையால் படங்கள் மங்கலாகத் தெரிந்தபோது, 1993-இல் திருத்தும் கருவியைப் பொருத்த முடிந்தது அதனால்தான். ஆனால் ஒரு கருவியின் உள்ளேயே கைவைப்பது அத்திட்டத்தில் இல்லை. 2004-இல் செயலிழந்த நிறமாலைக் கருவி ஒன்றைத் திறந்து அதன் மின்சுற்று அட்டையை மாற்ற 2009-இல் முயன்றபோது, மூடியில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு ஸ்க்ரூக்கள் இருந்தன. தடித்த கையுறையோடு அவற்றைக் கழற்றவும், கழன்றவை மிதந்து போகாமல் பிடிக்கவும், அதற்கென்றே புதிய கருவிகளை உருவாக்க வேண்டியிருந்தது. அப்படியும், வழியில் இருந்த கைப்பிடி ஒன்றின் போல்ட் தலை மழுங்கிவிட்டதால், வீரர் மைக் மாசிமினோ அந்தக் கைப்பிடியைத் தன் கைப்பலத்தால் பிய்த்தெடுக்க நேர்ந்தது. உங்கள் சென்சார் அந்தக் கோட்டின் தவறான பக்கத்தில் வைக்கப்பட்டுவிட்டது. அடிக்கடி பழுதாகக்கூடிய பாகம் அது என்று வடிவமைத்தவருக்கு யாரும் சொல்லவில்லை, அல்லது அவர் கேட்கவில்லை.

இதற்குப் பெரும்பாலும் காரணமாக நான் கருதுவது, இயந்திரம் பூட்டப்படும் வரிசை. தொழிற்சாலையில் வெறும் சட்டத்திலிருந்து வேலை தொடங்குகிறது. நான்கு பக்கமும் திறந்திருக்கிறது. சென்சாரை முதலில் பொருத்துவது மிக எளிது. அதன்மேல் சட்டம், மோட்டார், கன்வேயர், தகடு என்று ஒவ்வொன்றாக ஏறும். முதலில் வைத்தது கடைசியில்தான் கைக்கு வரும். பூட்டுபவருக்கு எளிதாக்குவதற்கான முறைகள், ஜெஃப்ரி பூத்ராய்டும் பீட்டர் டூஹர்ஸ்டும் அவற்றை வகுத்து வளர்த்த 1980-கள் முதல், தொழில்துறையில் வேரூன்றிவிட்டன. பாகங்களின் எண்ணிக்கையைக் குறை, ஸ்க்ரூவுக்குப் பதில் அழுத்திப் பொருத்தும் கொக்கியை வை, எல்லாவற்றையும் ஒரே திசையிலிருந்து அடுக்கு என்பவை அவற்றின் சாரம். அவற்றால் உற்பத்திச் செலவு குறைந்தது. பல இயந்திரங்களின் நம்பகத்தன்மையும் கூடியது. ஆனால் உள்ளே போகும்போது சுகமாகச் சொடுக்கிக்கொள்ளும் கொக்கி, வெளியே வரும்போது பெரும்பாலும் உடைகிறது. பூட்டும் நேரம் தயாரிப்பாளரின் கணக்கில் ஏறுகிறது, கழற்றும் நேரம் உங்கள் கணக்கில்.

கணினித் திரையும் தன் பங்குக்கு ஏமாற்றுகிறது. அங்கே போல்ட் தலை தெரிகிறது, சுற்றிலும் இடம் இருப்பதுபோலவும் தெரிகிறது. ஸ்பேனர் சுழல வேண்டிய இடம் தெரிவதில்லை. அறுகோண நட்டில் ஸ்பேனரை எடுத்து மீண்டும் மாட்ட 60 பாகை திரும்ப வேண்டும். திறந்த வாய் ஸ்பேனரின் தலையை 15 பாகை சாய்த்து வைத்திருப்பதே, திருப்பிப் போட்டுப் பிடித்தால் 30 பாகையில் வேலை நடக்கட்டும் என்பதற்காகத்தான். ஒரு கைக்கருவியைச் செய்தவர் நெருக்கடியான மூலையை இவ்வளவு கருத்தோடு எண்ணிப் பார்த்திருக்கையில், பெரிய இயந்திரத்தை வரைபவர் அந்த 30 பாகையைக்கூட விடாமல் போவது எனக்கு உண்மையான வருத்தத்தைத் தருகிறது. இந்த இடத்தில் பொறியாளரின் பொறுப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். விலையும் மேலாளரும் தடுப்பவை பல உண்டு. ஆனால் போல்ட்டை ஒரு கை அகலம் தள்ளி வைப்பதை யாரும் தடுப்பதில்லை. தான் வரைந்ததைத் தானே கழற்றிப் பார்க்காமல் எவரும் வரைபடத்தில் கையெழுத்திடக் கூடாது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

மூத்தவர்கள் சொல்வது பாதி சரி. பழைய இயந்திரங்களில் இடம் அதிகம், மறைவு குறைவு. ஆனால் 1970-களின் செவர்லே மொன்சா காரில் வி8 எஞ்சினை நெருக்கித் திணித்ததால், ஒரு ஸ்பார்க் பிளக்கை மாற்றுவதற்கு எஞ்சினை அதன் தாங்கியிலிருந்து தளர்த்தித் தூக்க வேண்டியிருந்தது. மேலும், அக்காலக் கார்களில் பிளக்குகளை அடிக்கடி மாற்ற வேண்டும். இன்றைய இரிடியம் பிளக்குகள் பல கார்களில் ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை தாங்குகின்றன. கிரீஸ் அடிக்க மறந்து கெட்ட பேரிங்குகளின் இடத்தை, மூடி அடைக்கப்பட்ட பேரிங்குகள் எடுத்துக்கொண்டது நன்மைதான். திறப்பதே தீங்காகும் சந்தர்ப்பங்களும் உண்டு: யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நோலன், ஹீப் இருவரும் 1978-இல் அளித்த அறிக்கை, ஆராயப்பட்ட விமானப் பாகங்களில் 11 விழுக்காடு மட்டுமே வயதாக ஆகத் தேய்ந்து பழுதாகும் போக்கைக் காட்டின என்றும், புதிதாகப் பொருத்திய தொடக்க காலத்திலேயே பழுது மிகுந்திருப்பவை மிகப் பல என்றும் கூறியது. ஆகவே குறைவாகத் திறக்கும்படி வடிவமைப்பது நல்ல பொறியியலே. நீண்ட நாள் உழைக்கும் என்பதைக் காரணம் காட்டி, பழுதாகும் நாளை அடியோடு மறந்துவிடுவதைத்தான் என்னால் ஏற்க முடியாது.

ஏனென்றால் அந்த மறதியின் சுமை கடைசியில் பராமரிப்பவர்மீது இறங்குகிறது, சில வேளைகளில் மிகக் கொடூரமாக. 1979 மே 25 அன்று சிகாகோவின் ஓஹேர் விமான நிலையத்தில், ஓடுபாதையை விட்டு எழும்பிக்கொண்டிருந்த டிசி-10 விமானத்தின் இடது எஞ்சின், தன்னைத் தாங்கும் பைலான் அமைப்போடு பிய்ந்து விழுந்தது. விமானத்திலிருந்த 271 பேரும் தரையில் இருவரும் இறந்தனர். பைலானைக் கழற்றும்போது முதலில் எஞ்சினை இறக்கி, பிறகு பைலானை இறக்க வேண்டும் என்பது தயாரிப்பாளரின் வழிமுறை. அந்த விமானத்தை இயக்கிய நிறுவனம் இரண்டையும் சேர்த்து ஃபோர்க்லிஃப்டில் தாங்கி இறக்கும் முறையைக் கைக்கொண்டிருந்தது. அதனால் ஒரு விமானத்துக்குச் சுமார் 200 ஆள்மணி நேரம் மிச்சமானது. பிரிக்க வேண்டிய குழாய், மின்கம்பி இணைப்புகள் 79-இலிருந்து 27 ஆகக் குறைந்தன. இணைப்புகள் குறைந்தால் தவறுகளும் குறையும் என்று அவர்கள் எண்ணியதில் நியாயம் இருந்தது. ஆனால் அவ்வளவு எடையை நுட்பமான அளவில் அசைக்க ஃபோர்க்லிஃப்ட் ஏற்றதல்ல. பைலானின் பின்புற இணைப்பில் விரிசல் விழுந்தது. விபத்துக்குப் பின், வேறு சில டிசி-10 விமானங்களிலும் அத்தகைய விரிசல்கள் கண்டறியப்பட்டன. பராமரிப்பின்போது உண்டான சேதமே முதற்காரணம் என்று கூறிய விசாரணை அறிக்கை, பராமரிப்பில் எளிதாகச் சேதமடையக்கூடிய வகையில் அந்த இணைப்பு வடிவமைக்கப்பட்டிருந்ததையும் காரணங்களில் ஒன்றாக எழுதியது. அந்த இரண்டாவது வரி ஒவ்வொரு பொறியியல் கல்லூரியிலும் கற்பிக்கப்பட வேண்டும் என்பது என் விருப்பம். வேலை கடினமாக இருந்தால் மனிதர்கள் குறுக்குவழி தேடுவார்கள். அதை முன்னறிவதும் வடிவமைப்பின் பகுதி.

சட்டங்கள் மெல்ல வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், துணி துவைக்கும் இயந்திரங்களுக்கும் குளிர்பதனப் பெட்டிகளுக்கும் குறிப்பிட்ட ஆண்டுகள் வரை உதிரிபாகம் தர வேண்டும், அவற்றைச் சாதாரணக் கருவிகளால் மாற்ற முடிய வேண்டும் என்ற விதிகள் நடைமுறையில் உள்ளன. ஆனால் அவை வீட்டுப் பொருள்களுக்கானவை. ஆலை இயந்திரத்தைப் பொறுத்தவரை, வாங்கும்போது எழுதப்படும் ஒப்பந்தமே உங்களுக்குச் சட்டம்.

நீங்கள் செய்யக்கூடியது அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு பழுதுக்கும், பாகத்தை எட்ட ஆன நேரத்தையும் மாற்ற ஆன நேரத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். "பிரேக்டவுன், ஒரு ஷிஃப்ட்" என்று மட்டும் எழுதினால் பழி உங்கள்மேல் நிற்கும், இரண்டாகப் பிரித்து எழுதினால் காரணம் தெரியும். சென்சாரை வெளியிலிருந்து எட்டும் ஒரு பிராக்கெட்டுக்கு மாற்ற முடியுமா என்று தயாரிப்பாளரிடம் அந்தப் பதிவோடு கேளுங்கள். பாதுகாப்புச் சுற்றில் உள்ள சென்சார் என்றால் அவருடைய எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் தொடாதீர்கள். அடுத்த இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுக்கும்போது, அடிக்கடி போகும் பாகங்களின் பட்டியலைப் பராமரிப்புப் பிரிவே தயாரித்து, ஒவ்வொன்றையும் எத்தனை நிமிடத்தில், எந்தக் கருவிகளால், எதையெதைக் கழற்றி மாற்றலாம் என்பதை விற்பவர் எழுதித்தர வேண்டும் என்று வாங்கும் பிரிவிடம் வற்புறுத்துங்கள். இயந்திரத்தை அனுப்புவதற்குமுன் விற்பவரின் ஆலையில் நடக்கும் சோதனைக்கு உங்களில் ஒருவர் போக வேண்டும். வழக்கமாக அங்கே இயந்திரத்தை ஓட்டிக் காட்டுவார்கள். பட்டியலிலுள்ள மூன்று நான்கு பாகங்களை உங்கள் ஆளே, உங்கள் கருவிப் பெட்டியைக் கொண்டு, அங்கேயே கழற்றி மாட்டிப் பார்க்கட்டும். எழுதித்தந்த நேரத்துக்குள் முடியாவிட்டால், பணத்தின் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன்பே மாற்றித் தரச் சொல்ல முடியும்.

அன்புடன்.