உழுகிறவர்களே பட்டினி கிடப்பது ஏன்?

கேள்வி: ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் பத்தில் எட்டுப் பேர் விவசாயத்தை நம்பி வாழ்கிறார்களாம். அப்புறமும் சில வருடங்களுக்கு ஒருமுறை அங்கே பட்டினி என்று செய்தி வருகிறது. ஒழுங்காகப் பாடுபடத் தெரியாதவர்களா? அல்லது அரசு தானியச் சந்தையில் மூக்கை நுழைப்பதுதான் காரணமா? (வாசகர், மன்னார்குடி)

பதில்: முதல் பாதியை எந்த மனதோடு கேட்டீர்கள் என்று தெரியவில்லை. ஓரிரு ஏக்கரை மண்வெட்டியால் கொத்திப் பயிர் வைக்கிற ஜனம் அது. கார்த்திகை வாக்கில் தொடங்கும் மழை பங்குனியோடு நின்றுவிடும். பெரும்பாலோருக்குப் பாசனம் கிடையாது, வருஷத்துக்கு ஒரே போகம். அதில் விளைகிற மக்காச்சோளம்தான் அடுத்த அறுவடை வரை சாப்பாடு. மாவைக் கிளறி 'ன்சிமா' என்று களி செய்வார்கள். வேறு எதைத் தின்றாலும் அது இல்லையென்றால் சாப்பிட்ட கணக்கில் சேராது.

விவசாயி என்றால் தானியம் விற்கிறவர் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். மலாவியின் சிறு விவசாயிகளில் பெரும்பாலோர் வருஷக் கணக்கு பார்த்தால் விற்றதைவிட வாங்கியதுதான் அதிகம். ஏப்ரல், மே மாதங்களில் கதிர் ஒடித்ததும் உரக்கடன், பள்ளிச் செலவு, உப்பு, சோப்பு என்று எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். தெருவோரத்தில் தராசைத் தொங்கவிட்டுக் காத்திருக்கும் சில்லறை வியாபாரியிடம் மூட்டை போகும். அந்தத் தராசில் எடை எப்போதும் குறைவாகத்தான் காட்டும் என்பது அங்கே தீராத புலம்பல். ஊருக்கே விளைந்திருக்கிற நேரமாதலால் விலை அடிமட்டத்தில் கிடக்கும். டிசம்பரில் குதிர் காலி. ஜனவரியில் அதே மக்காச்சோளத்தை இரண்டு மடங்கு, மோசமான வருஷங்களில் அதற்கும் மேல் விலை கொடுத்து, அதே ஆள் வாங்குவார்.

வைத்திருந்து விற்க வேண்டியதுதானே என்பீர்கள். பழைய நாட்டு ரகம் கெட்டியான மணி, பிரம்புக் குதிரில் மாதக்கணக்கில் தாங்கும். கூடுதலாக விளைகிற வீரிய ரகங்களில் பல மாவு மணி, வண்டுக்கு விருந்து. கையில் காசில்லாதவர் வண்டுக்குக் கொடுப்பதைவிட வியாபாரிக்குக் கொடுப்பதே மேல் என்று முடிவெடுத்தால் அதில் என்ன முட்டாள்தனம்?

நம் ஊர் நெல் விவசாயிக்கு அடகு வைக்க நகையாவது இருக்கும். அங்கே அடகு வைப்பது உடம்பைத்தான். 'கன்யு' என்கிற துண்டுக் கூலி வேலைக்குப் போய் அடுத்தவர் வயலில் களை பறிப்பார்கள். அது சரியாகத் தன் வயலிலும் களை எடுக்க வேண்டிய மாதம். அந்த வருஷ விளைச்சல் அங்கேயே பாதி போச்சு. எல்லோரும் வேலை தேடுவதால் கூலியும் சரியும்.

இனி உங்கள் இரண்டாம் பாதி. 1999, 2000 இரண்டு வருஷமும் அமோக விளைச்சல். அரசு கடன் வாங்கி ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் சேமிப்புக் கிடங்கில் வைத்திருந்தது. வட்டி ஏறியது, தானியமும் பழசானது. 30,000 முதல் 60,000 டன் போதும், மீதியை விற்றுக் கடனை அடையுங்கள் என்றார்கள் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆலோசகர்கள். சர்வதேச நாணய நிதியமும் தலையாட்டியது. அரசோ கிட்டத்தட்ட முழுவதையும் விற்றுத் தீர்த்தது. கொஞ்சம் வெளிநாட்டுக்குப் போனது. கொஞ்சம் செல்வாக்குள்ள உள்ளூர் வியாபாரிகளின் கிடங்குக்குப் போய், விலை ஏறட்டும் என்று படுத்துக்கொண்டது. 2001இல் வெள்ளம் வந்து விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மரவள்ளி நிறைய இருக்கிறது, சமாளித்துவிடலாம் என்று காகிதக் கணக்கு சொன்னது. கணக்கு பொய். இறக்குமதிக்கு ஆர்டர் போட்டது தாமதம், கடற்கரையே இல்லாத நாட்டுக்கு அது வந்து சேர்ந்தது அதைவிடத் தாமதம். 2002 பிப்ரவரியில் ஜனாதிபதி பக்கிலி முலுசி பேரிடர் என்று அறிவித்தபோது மக்கள் மக்காச்சோளத் தவிட்டையும் விலை கொடுத்து வாங்கிக் கொண்டிருந்தார்கள். முற்றாத கதிரைப் பறித்துத் தின்றார்கள். நூற்றுக்கணக்கானோரா, ஆயிரக்கணக்கானோரா செத்தது என்பதில் இன்றும் சண்டை. நிதியமும் அரசும் பழியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டன.

இதில் அரசு மூக்கை நுழைத்ததால் வந்த சாவு எது, நுழைக்காததால் வந்த சாவு எது? உங்களால் பிரித்துக் காட்ட முடிந்தால் எழுதுங்கள், பிரசுரிக்கிறேன்.

2004இல் ஜனாதிபதியான பிங்கு வா முத்தாரிக்கா, நன்கொடை நாடுகள் முகம் சுளித்ததைப் பொருட்படுத்தாமல் 2005 முதல் கூப்பன் கொடுத்து மலிவு விலையில் உரமும் விதையும் தந்தார். விளைச்சல் ஏறியது, 2007இல் ஜிம்பாப்வேக்கு ஏற்றுமதியே செய்தார்கள். உலகமே பாராட்டியது. அடுத்த வருஷமே உள்ளூரில் விலை தாறுமாறாக எகிறியது. கணக்கில் காட்டிய விளைச்சல் களத்தில் இருந்திருந்தால் விலை ஏன் ஏற வேண்டும்? அரசு அதை ஆராயாமல் 2008இல் தனியார் வியாபாரத்துக்கே தடை போட்டது. அரசின் கொள்முதல் நிறுவனமான 'அட்மார்க்'தான் வாங்க வேண்டும், விற்க வேண்டும் என்றது. எல்லோருக்கும் கொடுக்க அதனிடம் சரக்கும் இல்லை, கடைகளும் போதவில்லை.

என் கோபம் இந்தத் திடீர்த்தனத்தின் மேல்தான். இன்று ஏற்றுமதிக்குத் தடை, நாளை அனுமதி. வருஷா வருஷம் குறைந்தபட்ச விலை அறிவிப்பார்கள். வாங்கக் காசு இல்லாமல் அட்மார்க் கடை தாமதமாகத் திறக்கும், அதற்குள் தராசுக்காரர் வாங்கி முடித்திருப்பார். எந்த வியாபாரி இதை நம்பி நல்ல கிடங்கு கட்டி, மே மாதத்துச் சரக்கை ஜனவரி வரை வைத்திருப்பான்? ஆகவே 'சந்தை பார்த்துக்கொள்ளும்' என்கிற ஆலோசனையும் அங்கே வேகாது. மன்னார்குடியில் உங்களுக்கு நெல் கொள்முதல் நிலையமும் இருக்கிறது, ரேஷன் கடையும் இருக்கிறது. அவற்றில் ஆயிரம் குறை உண்டு, ஆனால் சந்தையே போதும் என்று நம்புகிறவர் முதலில் தன் ஊரில் அவற்றை மூடச் சொல்லிப் பார்க்கட்டும்.

மழையையும் சொல்ல வேண்டும். 2024 மார்ச்சில் எல் நினோ வறட்சியால் 28 மாவட்டங்களில் 23ஐப் பேரிடர் பகுதியாக அறிவித்தார்கள். அதைத் தடுக்க எந்த அரசாலும் முடியாது. ஆனால் மே மாதம் காசோடு அட்மார்க் கடையைத் திறக்க முடியும். வாங்கியதை ஜனவரியில், முன்கூட்டிச் சொன்ன விலைக்கு விற்கவும் முடியும்.