குவார்ட்ஸ் லென்ஸ் கையில் இருந்தால் புற ஊதாப் படம் வந்துவிடுமா?

கேள்வி: எங்கள் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் பழைய ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் (ஒரு பொருள் எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி) ஒன்றைக் கழித்துவிட்டார்கள். அதிலிருந்து ஒரு சின்ன குவார்ட்ஸ் லென்ஸ், இரண்டு குழி ஆடிகள், ஒரு டியூட்டீரியம் விளக்கு எனக்குக் கிடைத்தன. இவற்றை வைத்து, தேனீ பார்க்கிற மாதிரி பூக்களைப் படமெடுக்க முடியுமா? ஒரு பழைய மிரர்லெஸ் கேமராவும் இருக்கிறது.

பதில்: எடுக்கலாம். ஆனால் அந்த விளக்கை மட்டும் எரியவிட்டுப் பார்க்காதீர்கள். அது 200 நானோமீட்டர் அலைநீளத்துக்கும் கீழிருந்தே புற ஊதாவைக் கொட்டும், கண்ணுக்கு ஆகவே ஆகாது. பூவைப் படமெடுக்க அது தேவையும் இல்லை, வெயில் போதும். அப்புறம், தேனீ புற ஊதாவோடு நீலத்தையும் பச்சையையும் சேர்த்தே பார்க்கிறது. நமக்குக் கிடைப்பது அதில் ஒரு பங்குதான். அந்த ஒரு பங்கிலேயே, நம் கண்ணுக்கு முழு மஞ்சளாகத் தெரிகிற சூரியகாந்தியின் இதழ்கள் அடிப்பக்கம் கருத்து, நுனி வெளுத்து, நடுவைச் சுற்றி ஒரு கரிய வட்டமாகத் தெரியும்.

குவார்ட்ஸ் என்றதும் எல்லோருக்கும் ஆசை வருகிறது. நியாயம்தான், 200 நானோமீட்டர் வரை ஒளியை விடுகிற பொருள் அது. ஆனால் 300-க்குக் கீழே உள்ள சூரிய ஒளியை ஓசோன் நம்மிடம் வரவே விடுவதில்லை, சாதாரண கேமரா சென்சாரோ அதற்கு முன்பே, 350-ஐ நெருங்கும்போதே சோர்ந்துவிடுகிறது. ஆக, நீங்கள் உண்மையில் வேலை செய்யப்போவது சுமார் 340 முதல் 400 வரையில்தான். அதற்குக் குவார்ட்ஸ் வேண்டும் என்று கட்டாயமே இல்லை. அதோடு ஒற்றைக் குவார்ட்ஸ் லென்ஸில் ஒரு தொல்லையும் உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் குவியத் தூரம் 100 மி.மீ. என்றால், 365 நானோமீட்டரில் அதில் சுமார் மூன்றரை மி.மீ. குறைந்துவிடும். புற ஊதாவை மட்டும் விடுகிற ஃபில்டரை மாட்டிய பிறகு கேமராத் திரையைப் பார்த்து ஃபோகஸ் செய்தால் இதைச் சமாளிக்கலாம், ஆனால் 350-க்கும் 400-க்கும் இடையிலேயே கிட்டத்தட்ட ஒன்றரை மி.மீ. வித்தியாசம் இருப்பதால் படம் கொஞ்சம் மசமசவென்றுதான் வரும். லென்ஸின் துளையைச் சின்னதாக்கினால் தேறும். நிக்கானின் 105 மி.மீ. யூவி-நிக்கார் லென்ஸில் குவார்ட்ஸோடு ஃபுளோரைட்டையும் சேர்த்தது இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டத்தான். அதன் விலையை விசாரித்தால் தலை சுற்றும்.

என்னைக் கேட்டால், குழி ஆடிகளைப் பத்திரப்படுத்துங்கள். ஆடியில் நிறத்துக்கு நிறம் ஃபோகஸ் மாறாது, அலுமினியப் பூச்சு புற ஊதாவை நன்றாகவே திருப்பி அனுப்பும். பூச்சைத் துணியால் துடைத்துவிடாதீர்கள். லென்ஸுக்கு, ஃபோட்டோ ஸ்டுடியோக்கள் மூட்டை கட்டி வைத்திருக்கும் பழைய என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரதி போடும் கருவி) லென்ஸ்களைத் தேடுங்கள். உலோக உடம்புள்ள பழைய எல்-நிக்கார் 80 மி.மீ. எஃப்/5.6 இந்த வேலைக்குப் பேர்போனது. அதன் 39 மி.மீ. மரைக்கு அடாப்டரும் ஃபோகஸ் செய்ய ஒரு ஹெலிகாய்டும் (திருகினால் நீண்டு சுருங்கும் குழாய்) வாங்கினால் மிரர்லெஸ்ஸில் உட்கார்ந்துவிடும். கேமராவின் சென்சாருக்கு முன்னால் இருக்கும், புற ஊதாவையும் அகச்சிவப்பையும் நிறுத்தும் தடுப்பு ஃபில்டரைக் கழற்றத்தான் வேண்டும், அதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கேள்வி: புற ஊதாவை விடுகிற யூஜி11 ஃபில்டர் போட்டு எடுத்தேன். இலைகள் எல்லாம் பளீரென்று வெள்ளையாக வருகின்றன. புற ஊதா இப்படித்தான் இருக்குமா?

பதில்: இல்லை. அது அகச்சிவப்பு. புற ஊதாவில் பச்சை இலை கருப்பாகத்தான் வரும். யூஜி11 கண்ணாடி 700 நானோமீட்டரை ஒட்டி ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது, தடுப்பை எடுத்துவிட்ட சென்சாருக்கு அந்தப் பக்கம் பார்வை மிக அதிகம், அதனால் கசிவு கொஞ்சமே என்றாலும் படத்தை முழுசாக விழுங்கிவிடும். இந்த வேலையில் லென்ஸைவிட ஃபில்டர்தான் முக்கியம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பாலிகார்பனேட் மூக்குக்கண்ணாடி ஒன்றை லென்ஸுக்கு முன்னால் பிடித்து அதே படத்தை எடுங்கள். அது புற ஊதாவைத் தடுத்துவிடும். அப்போதும் படம் அப்படியே வந்தால், வந்தது அத்தனையும் கசிவு. அகச்சிவப்பைத் தடுக்கும் எஸ்8612 அல்லது பிஜி39 கண்ணாடியைச் சேர்த்து மாட்டினால் கசிவு அடைபடும். இரண்டுமே ஈரக்காற்றில் பூத்துப்போகிற வகை, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.

ஒயிட் பேலன்ஸுக்கு வெள்ளைத் தாளை நம்ப வேண்டாம், அதில் சேர்க்கும் வெளுப்பான்கள் புற ஊதாவை உறிஞ்சிவிடும். குழாய் மரையில் சுற்றும் டெஃப்லான் டேப்பை நாலைந்து மடிப்பாக மடித்து வைத்து அளவெடுங்கள், அது புற ஊதாவிலும் வெள்ளைதான்.

கேள்வி: இதையெல்லாம் முதலில் செய்து பார்த்தவர் யார்?

பதில்: அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட். 1910-இல் புற ஊதா, அகச்சிவப்புப் படங்களை வெளியிட்டார். இன்றைய ஃபில்டர்கள் எதுவும் அப்போது கிடையாது. குவார்ட்ஸ் லென்ஸின் மேல் மெல்லிசாக வெள்ளி பூசினார். அந்தப் பூச்சு மற்ற ஒளியை நிறுத்திவிட்டு 320 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை மட்டும் விட்டது. துத்தநாக வெள்ளைப் பெயின்ட் அவர் படத்தில் கருப்பாக விழுந்தது. நிலாவையும் இப்படி எடுத்தார். அரிஸ்டார்க்கஸ் பள்ளத்துக்குப் பக்கத்தில், கண்ணுக்குத் தனியாகத் தெரியாத ஓரிடம் படத்தில் கருந்திட்டாக வந்தது. அங்கே கந்தகம் இருக்கலாம் என்று அவர் நினைத்தார். அந்த இடத்தை இன்றும் ‘வுட்டின் புள்ளி’ என்றே சொல்கிறார்கள்.